அடுத்தவன் குதிரையில் அப்போலோ

பட்டனை விட்டு விட்டுத் தட்டினால் மெல்லிய ஒளிக்கணைகள் பறக்கும். சின்னப் பறவைகளுக்கும் பிசாசுகளுக்கும் அது போதும். அழுத்திப் பிடித்தால் ஒன்றுமே வராது. திரையோரத்தில் ஓர் அளவுக்கோடு மட்டும் நிறையத் தொடங்கும். அந்த ஓரிரு நொடிகளில் கையில் ஆயுதமே இல்லாதது போல இருக்கும். எதிரிகள் மேலிருந்து இறங்குகிறார்கள், சிறகுக் குதிரை பெகசஸ் இடமும் வலமும் ஒதுங்குகிறது, கட்டைவிரல் மட்டும் அசையக் கூடாது. கோடு நிறைந்ததும் விரலை எடுத்தால் பருத்த ஒளிப்பிழம்பு ஒன்று பாய்ந்து வழியில் நிற்பதையெல்லாம் துடைத்துக்கொண்டு போகும். 'ஃபெலியோஸ்' என்ற பழைய வீடியோ கேமை விளையாடியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த மூச்சுப்பிடிப்பாகத்தான் இருக்கும்.

ஜப்பானிய நிறுவனமான நாம்கோ 1980களின் கடைசியில் ஆர்க்கேடுக்காக, அதாவது காசு போட்டு ஆடும் கடை இயந்திரத்துக்காகச் செய்து, 1990-இல் சேகாவின் மெகா டிரைவ் என்ற வீட்டு கன்சோலுக்குக் கொண்டுவந்த ஷூட்டிங் கேம் இது. நிலம் மேலிருந்து கீழாக வழிந்துகொண்டே இருக்கும் வகை. வழக்கமாக விண்கலம் இருக்கும் இடத்தில் இங்கே சிறகு முளைத்த வெள்ளைக் குதிரை. அதன் முதுகில் கிரேக்கத் தெய்வம் அப்போலோ. டைஃபன் என்ற அரக்கன் ஆர்ட்டெமிஸ் தேவியைச் சிறைபிடித்துவிட்டான், போய் மீட்க வேண்டும். கதை அவ்வளவுதான். வழியில் பார்த்தவரைக் கல்லாக்கும் மெடூசா, ஒரே கண்ணை மூவரும் பகிர்ந்துகொள்ளும் கிரையை கிழவிகள், மல்லன் ஆண்ட்டியஸ், கடல் அரக்கி ஸ்கில்லா, பாடி மயக்கும் சைரன், நரகத்தின் வாயிற்காவல் நாய் செர்பெரஸ் என்று ஆளுக்கொரு ஸ்டேஜில் மறிக்கிறார்கள். கடைசியில் டைஃபன்.

கிரேக்கப் புராணம் கொஞ்சம் படித்தவர் இந்தப் பட்டியலைப் பார்த்தால் தலையில் கை வைத்துக்கொள்வார். பெகசஸ் அப்போலோவின் வாகனமே இல்லை. மெடூசாவைக் கொன்றவன் பெர்சியஸ். ஆண்ட்டியஸை முடித்தவன் ஹெரக்ளிஸ். ஸ்கில்லாவிடமும் சைரன்களிடமும் மாட்டித் தப்பியவன் ஒடிசியஸ். டைஃபனை வீழ்த்தியவர் தெய்வங்களின் அரசன் ஜீயஸ். எல்லாவற்றுக்கும் மேலாக, அப்போலோவும் ஆர்ட்டெமிஸும் டெலோஸ் தீவில் லீட்டோவுக்குப் பிறந்த இரட்டையர். கேமிலோ அவன் காதலியைத் தேடிப்போகும் நாயகனின் தோரணையில் போகிறான். நம்மூர்க் கணக்கில் சொன்னால், முருகனைக் கருடன் மேல் ஏற்றி, வழியில் பகாசுரனையும் தாடகையையும் கொல்லவைத்து, இலங்கைக்குப் போய் சீதையை மீட்டு வா என்று அனுப்புவதற்குச் சமம்.

இதை அறியாமை என்று ஒதுக்கிவிடலாம். இணையத்தில் பழைய கேம்களைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். எனக்கு அந்தக் குழப்பம்தான் பிடித்திருக்கிறது. ஏனென்றால் அதற்குள் ஓர் ஒழுங்கு ஒளிந்திருக்கிறது. மெடூசா யார் கதையில் வருகிறாள்? பெர்சியஸ் கதையில். கிரையை கிழவிகள்? அதுவும் பெர்சியஸ்தான், அவர்களின் கண்ணைப் பறித்து வைத்துக்கொண்டு மேற்கொண்டு போக வழி கேட்டவன் அவன். சங்கிலியில் கட்டப்பட்டு மீட்பவனுக்காகக் காத்திருக்கும் பெண்? பாறையில் பிணைக்கப்பட்ட ஆண்ட்ரோமெடா. பறக்கும் குதிரை? வெட்டுண்ட மெடூசாவின் கழுத்திலிருந்து பாய்ந்து பிறந்தது. ஆக, இந்தக் கேமின் எலும்புக்கூடு முழுக்க பெர்சியஸுடையது. முகம் மட்டும் அப்போலோவினுடையது.

குதிரையைப் பற்றி மட்டும் ஒரு திருத்தம். பழைய கிரேக்க நூல்களில் பெர்சியஸ் குதிரையேறிப் பறக்கவில்லை. சிறகு வைத்த செருப்பு போட்டுக்கொண்டு பறந்தான். பெகசஸைப் பழக்கி ஏறியவன் பெல்லரோஃபோன். ஆனால் இடைக்காலத்தின் பிற்பகுதியிலிருந்தே ஐரோப்பியர்கள் குதிரையைப் பெர்சியஸிடம் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ரூபன்ஸ் 1622 வாக்கில் வரைந்த ஆண்ட்ரோமெடா மீட்பு ஓவியம் ரஷ்யாவின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் பெர்சியஸுக்குப் பக்கத்தில் பெகசஸ் சாவகாசமாக நிற்கிறது. 1981-இல் வந்த 'கிளாஷ் ஆஃப் த டைட்டன்ஸ்' ஹாலிவுட் படத்திலும் பெர்சியஸ் பெகசஸில்தான் பறக்கிறான். குதிரை இப்படிக் கைமாறிக் கைமாறி ஓடிய வழியில் நாம்கோ இன்னும் ஒரு சவாரிக்காரனைச் சேர்த்தது.

அந்தக் கைமாற்றத்தால் கேமுக்குள் ஒரு கொடூரமான வேடிக்கையும் நுழைந்துவிட்டது. முதல் பாஸ், அதாவது ஸ்டேஜின் முடிவில் நிற்கும் பெரிய எதிரி, மெடூசா. அவளை நோக்கி அப்போலோவைச் சுமந்து போவது அவள் பிள்ளை. அதுவும் அவள் தலை விழுந்த பிறகுதான் பிறந்திருக்க வேண்டிய பிள்ளை. கேம் இதைக் கண்டுகொள்ளவே இல்லை.

பெல்லரோஃபோன் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கொரிந்து நகரத்தானுக்காகக் கி.மு. 464-இல் கிரேக்கக் கவிஞர் பிண்டார் பாடிய வெற்றிப் பாடல் ஒன்று இருக்கிறது. பைரீனி ஊற்றருகே பெகசஸைப் பிடிக்கத் திண்டாடிய பெல்லரோஃபோனுக்கு, தூக்கத்தில் வந்த அதீனா தேவி பொற்கடிவாளம் கொடுக்கிறாள். அதைப் பூட்டி ஏறியவன், ஆளில்லாத குளிர்ந்த ஆகாயத்திலிருந்து அம்பெய்து அமேசான் பெண்படையையும், தீ கக்கும் கிமைராவையும் வீழ்த்தினான் என்கிறார் பிண்டார். மேலே பறந்தபடி கீழே இருப்பதைச் சுடுவது. எதிரிக்கு எட்டாத உயரம், தூரத்தில் கொல்லும் ஆயுதம், நெருங்கினால் சுட்டெரிக்கும் பெரிய மிருகம். ஷூட்டிங் கேம் என்ற வடிவத்தின் எல்லா உறுப்பும் அந்தச் சில வரிகளில் இருக்கிறது. கிமைராவையும் பெல்லரோஃபோனையும் விட்டுவிட்டுக் குதிரையை மட்டும் எடுத்துக்கொண்டதுதான் எனக்குக் கொஞ்சம் குறை.

அப்படியிருக்க அப்போலோவை ஏன் கொண்டுவந்தார்கள்? காரணம் ஒளி என்றுதான் நினைக்கிறேன். ஆதிக் கிரேக்கர்களுக்குச் சூரியன் ஹீலியோஸ்; அப்போலோ வேறு தெய்வம். பின்னால் இருவரும் ஒன்றாகிப் போனார்கள், அதே மாதிரி ஆர்ட்டெமிஸும் நிலவானாள். சூரியன் நிலவைத் தேடி இருளுக்குள் போகிறது என்றால் பெட்டியின் பின்பக்கத்து இரண்டு வரிக்குள் கதை அடங்கிவிடும். சுடுவதற்கு ஒளிக்கணையும் கிடைத்துவிடும். 'ஃபெலியோஸ்' என்ற பெயரிலேயே ஹீலியோஸின் வாடை அடிக்கிறது. அப்போலோவின் மறுபெயரான ஃபீபஸின் முதலெழுத்தும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இது என் ஊகம், அவ்வளவுதான்.

அப்போலோவுக்கும் டைஃபனுக்கும் ஒட்டே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஹோமரின் பெயரில் வழங்கும் அப்போலோ துதியில், டெல்ஃபியில் அவன் கொல்லும் பெண்நாகம்தான் முன்பு டைஃபனை வளர்த்தவள். ஜீயஸின் மனைவி ஹீரா அவனைக் கைக்குழந்தையாகக் கொண்டுவந்து அவளிடம் ஒப்படைத்திருந்தாள். வளர்ப்புத்தாயைக் கொன்றவனிடம் வளர்ப்புப்பிள்ளைக்குப் பகை இருக்கத்தானே செய்யும்? கிரேக்கக் கவிஞர் ஹீசியட் சொல்லும் வம்சாவளியில் செர்பெரஸ் டைஃபனுக்கும் எக்கிட்னா என்ற நாகப்பெண்ணுக்கும் பிறந்த பிள்ளை. அப்பனிடம் போகும் வழியை மகன் மறிப்பதில் தவறென்ன? தெரிந்து செய்தார்களோ, பயங்கரமான பெயர்களாகப் பொறுக்கிப் போட்டதில் தானாக அமைந்ததோ, இந்த இரண்டு இடத்தில் கேம் புராணத்தோடு நன்றாகவே பொருந்துகிறது.

நாம்கோவுக்குப் புராணம் புதிதில்லை. 1984-இல் வந்த அவர்களின் 'டவர் ஆஃப் துருவாகா' மெசொப்பொத்தாமியாவிலிருந்து கில்கமேஷின் பெயரைக் கடன் வாங்கி, அறுபது மாடிக் கோபுரத்தில் அவனை ஏறவிட்டது. மேல் மாடியில் சிறைப்பட்டிருந்தவள் கீ என்ற பெண். 1986-இல் 'கென்பெய் தோமா தென்', ஜப்பானின் மத்தியகால யுத்தக் கதைகளிலிருந்து செத்துப்போன வீரன் ஒருவனை எழுப்பிப் பழிவாங்க அனுப்பியது. வட ஐரோப்பியப் புராணத்துப் போர்த்தேவதையான வால்கிரியை வைத்துத் தனி வரிசையே ஓட்டினார்கள். 1987-இன் 'டிராகன் ஸ்பிரிட்'டில் வீரன் பறவைநாகமாக மாறி இளவரசியை மீட்கப் பறக்கிறான். 'ஃபெலியோஸ்' இந்தக் குடும்பத்தின் அடுத்த பிள்ளை. டிராகனைக் குதிரையாக்கி, கற்பனை ராஜ்ஜியத்தைக் கிரேக்கமாக்கினால் ஏறக்குறைய வந்து சேர்ந்துவிடலாம். விண்கலத்தைத் தொடர்ந்து விற்றுக்கொண்டிருந்த சந்தையில், அடுத்த கடையிலிருந்து தன் கடையைத் தள்ளிக் காட்ட உலகத்துப் புராணங்கள் அவர்களுக்குக் கைகொடுத்தன. பதிப்புரிமை கேட்க யாரும் வரமாட்டார்கள் என்ற வசதி வேறு.

அந்தக் காலத்து ஜப்பானில் கிரேக்கக் காற்றும் வீசிக்கொண்டிருந்தது. பெகசஸ் விண்மீன் குழுவைக் காவலாகக் கொண்ட நாயகன் அதீனாவுக்காகச் சண்டையிடும் 'செயின்ட் செய்யா' மாங்கா என்னும் சித்திரக்கதை 1986-இல் சூடுபிடித்து, அதே ஆண்டு தொலைக்காட்சிக்கும் வந்தது. டெக்மோவின் 'ரைகர்' கேமுக்கு ஜப்பானில் வைத்த பெயரே ஆர்கோஸ் வீரன் என்று பொருள்படும். சேகாவின் 'ஆல்டர்ட் பீஸ்ட்'டில் ஜீயஸ் செத்த போர்வீரனை எழுப்பி, அதீனாவை மீட்டு வரச் சொல்கிறார். 1989-இல் அமெரிக்காவில் மெகா டிரைவ், ஜெனசிஸ் என்ற பெயரில் வந்தபோது பெட்டிக்குள்ளேயே அந்தக் கேமை வைத்து விற்றார்கள். கிரேக்கத் தெய்வத்தின் குரலோடுதான் அந்த கன்சோல் பல வீடுகளுக்குள் நுழைந்தது.

நின்டெண்டோவின் 'கிட் இகாரஸ்' இதில் தனி ரகம். 1986 டிசம்பரில் அவர்களின் ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டம் என்ற வீட்டுக் கருவிக்கு வந்தது. பிட் என்ற சிறுவன் வில்லோடு பாதாளத்திலிருந்து மேலே மேலே ஏறிப்போய் மெடூசாவை எதிர்கொள்கிறான். ஜப்பானியத் தலைப்பில் இகாரஸ் என்ற பெயரே கிடையாது. மேற்கில் விற்க ஒட்டிய லேபிள் அது. கடைசிச் சண்டைக்குப் பிட் சேர்க்க வேண்டிய மூன்று புனிதப் பொருள்கள்: கண்ணாடிக் கேடயம், ஒளியம்பு, பெகசஸின் சிறகுகள். கேடயமும் சிறகும் மறுபடி பெர்சியஸின் பெட்டியிலிருந்துதான். மூன்று புனிதப் பொருள் என்ற கணக்கோ ஜப்பானியப் பேரரசரின் கண்ணாடி, வாள், மணி என்ற அரசச் சின்னங்களின் நினைவு. நாம்கோவும் நின்டெண்டோவும் தனித்தனியே கிரேக்கத்துக்குப் போய் ஒரே ஆளின் சாமான்களைத் தூக்கி வந்திருக்கிறார்கள். காரணம் எளிது. கிரேக்க நாயகர்களில் பெர்சியஸ் கதைதான் ஏற்கெனவே கேம் மாதிரி இருக்கிறது: முதலில் ஆயுதங்களைச் சேர்க்க வேண்டும், பிறகு பறக்க வேண்டும், பெரிய எதிரியைக் கொல்ல வேண்டும், திரும்பும் வழியில் பெண்ணை மீட்க வேண்டும்.

இனி, 'ஃபெலியோஸ்' தொலைத்த ஒன்று. புராணத்தில் இந்த அரக்கர் ஒவ்வொருவருக்கும் ஒரு சூட்சுமம் உண்டு. மெடூசாவை நேரே பார்க்கக் கூடாது, பளபளக்கும் கேடயத்தில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து வெட்ட வேண்டும். கிரையை கிழவிகளைக் கொல்லவே வேண்டாம், கண் ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு மாறும் நொடியில் தட்டிப் பறித்தால் போதும். ஆண்ட்டியஸ் பூமித்தாயின் பிள்ளை. தரையைத் தொடத் தொட பலம் ஏறும், ஆகவே ஹெரக்ளிஸ் அவனைத் தூக்கிப் பிடித்தே நெரித்தான். சைரன்களுக்கு மாலுமிகளின் காதில் மெழுகு, பாட்டைக் கேட்டே தீருவேன் என்ற ஒடிசியஸுக்குப் பாய்மரக் கயிறு. செர்பெரஸுக்குப் பாடகன் ஆர்ஃபியஸின் யாழ், இல்லாவிட்டால் ட்ராய் வீரன் ஈனியஸோடு போன குறிசொல்லி வீசிய மயக்கப் பண்டம். ஸ்கில்லாவுக்கு மட்டும் சூட்சுமம் கிடையாது. ஆறு பேரைக் காவு கொடுத்துவிட்டு வேகமாகத் துடுப்புப் போட வேண்டியதுதான்.

கேமில் இத்தனைக்கும் ஒரே பதில், பட்டன். ஆண்ட்டியஸைத் தூக்க வேண்டாம், சவாரியே ஆகாயத்தில்தான். மெடூசாவை நேரே பார்த்துக்கொண்டேதான் சுட முடியும், பார்க்காமல் எப்படி விளையாடுவது? திருடுவது, ஏமாற்றுவது, பாடித் தூங்கவைப்பது எல்லாம் ஷூட்டிங் கேமின் இலக்கணத்தில் வினைச்சொற்களாகவே இல்லை. நகர், சுடு, இரண்டுதான்.

சூட்சுமம் முழுக்க அழிந்துவிட்டது என்று சொன்னால் பொய். அது இடம் மாறியிருக்கிறது. எந்த பாஸும் ஒரு தாளத்தில்தான் தாக்கும். இத்தனை நொடி பாயும், இத்தனை நொடி விலகும், இன்ன மூலையில் தோட்டா விழாது. முதல் மூன்று முறை செத்துச் செத்து அதைப் படிக்க வேண்டும். அழுத்திப் பிடிக்கும் அந்தக் கணையின் அருமை இங்கேதான். சக்தி சேர்க்கச் சுடாமல் இருக்க வேண்டும். எப்போது சுடாமல் இருக்கலாம் என்று தெரிய எதிரியின் தாளம் தெரிந்திருக்க வேண்டும். கிழவிகளின் கண் கைமாறும் நொடிக்காகப் பெர்சியஸ் காத்திருந்ததும் இதே காத்திருப்புதான். தேக்கிச் சுடுவதை 1987-இல் ஐரெம் நிறுவனத்தின் 'ஆர்-டைப்' கேம் பிரபலமாக்கியிருந்தது, நாம்கோ கண்டுபிடித்ததில்லை. ஆனால் விண்கலத்தின் பீரங்கி சார்ஜ் ஏறுவதும், குதிரை மேல் உட்கார்ந்திருப்பவன் மூச்சை அடக்குவதும் மனதுக்குள் வேறு வேறாகத்தான் பதிகின்றன. குதிரை இன்னொரு சிக்கலையும் கொண்டுவந்தது. விரிந்த சிறகோடு அது பெரிய உருவம். சிறு விமானத்தைப் போலத் தோட்டாக்களின் இடுக்கில் நுழைத்து எடுக்க முடியாது. கண்ணுக்கு அழகாக இருப்பது கைக்குப் பாரமாக இருக்கிறது. விளையாடிய சிலர் இதைச் சொல்லியே கேமைத் தள்ளிவிடுவார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

ஆர்க்கேடிலிருந்து வீட்டுக்கு வந்த கதையும் லேசானதில்லை. ஆர்க்கேட் வடிவம் ஓடியது நாம்கோவின் சிஸ்டம் 2 என்ற பலகையில். இரண்டு 68000 செயலிகள், படத்தைப் பெரிதாக்கவும் சுழற்றவும் வன்பொருளிலேயே வசதி, பதிவு செய்த ஒலிகளை 24 தடங்களில் இசைக்கும் தனிச் சில்லு. மெகா டிரைவில் ஒரு 68000, துணைக்கு இசட்80 என்ற சிறு செயலி. 512 வண்ணங்களிலிருந்து ஒரே நேரத்தில் 64. படத்தை விரித்துச் சுருக்கும் வசதி கிடையாது. அப்படித் தோன்ற வேண்டுமானால் ஒவ்வொரு அளவுக்கும் தனிப்படம் வரைந்து கார்ட்ரிட்ஜுக்குள் திணிக்க வேண்டும், கார்ட்ரிட்ஜிலோ இடம் கிலோபைட் கணக்கில்.

இவற்றைவிடப் பெரிய தலைவலி திரையின் வடிவம். ஆர்க்கேடில் மானிட்டரை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். உயரம் அதிகம், அகலம் குறைவு. வீட்டுத் தொலைக்காட்சி படுத்த வாக்கில் இருக்கும். மேலிருந்து வரும் எதிரியைப் பார்ப்பதற்கும் விலகுவதற்கும் இடையே உள்ள நேரம் திரையின் உயரத்தைப் பொறுத்தது. உயரம் குறைந்தால் அந்த நேரமும் குறையும். எதிரிகளின் வேகத்தையும் எண்ணிக்கையையும் மறுபடி உட்கார்ந்து கணக்குப் போடாமல் அப்படியே கொண்டுவந்தால் விளையாட முடியாமல் போய்விடும். பழைய ஆர்க்கேட் கேம்களின் கன்சோல் வடிவத்தைப் 'பிரதி' என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வேறு அளவுச் சட்டைக்குத் துணியை மறுபடி வெட்டித் தைத்த வேலை அது.

குரலை மட்டும் விடாமல் கொண்டுவந்தார்கள். ஸ்டேஜுக்கும் ஸ்டேஜுக்கும் நடுவே பிணைக்கப்பட்ட ஆர்ட்டெமிஸின் படம் வரும், கூடவே அப்போலோவை அழைக்கும் பேச்சுக்குரல். மெகா டிரைவில் இசை எழுப்பும் எஃப்எம் சில்லில் ஆறு தடங்கள்தான். ஆறாவதைப் பதிவு ஒலிக்குக் கொடுத்துவிட்டால் அந்த நேரம் இசைக்கு ஐந்துதான் மிஞ்சும். அதனால்தான் அந்தக் காலத்துக் கன்சோல்களில் மனிதக் குரல் அபூர்வம், வந்தாலும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவில் கேட்பது போலக் கரகரக்கும். அந்தக் கரகரப்பு இங்கே தூரத்திலிருந்து வரும் குரலுக்குப் பொருத்தமாகவே இருக்கிறது.

பொருந்தாதது அவள் இருக்கும் நிலைதான். தான் குளிப்பதைப் பார்த்துவிட்ட ஆக்டியனை மானாக்கி, அவன் வளர்த்த நாய்களையே ஏவிக் குதறவிட்டவள் ஆர்ட்டெமிஸ். தாயைப் பழித்த நயோபியின் பிள்ளைகளை அப்போலோவும் அவளும் ஆளுக்குப் பாதியாக அம்பெய்து கொன்றார்கள். அவளுக்கும் ஒரு குதிரையைக் கொடுத்து இரண்டாவது ஆட்டக்காரராக இறக்கியிருந்தால் இரட்டையர் என்பதும் மிச்சமாகியிருக்கும், நண்பர்கள் சேர்ந்து விளையாட ஒரு கேமும் கிடைத்திருக்கும். 1980களின் கடைகளில் மீட்கப்பட ஒரு பெண் இல்லாமல் கேமை விற்கத் தெரியாதவர்கள் நாம்கோ மட்டுமில்லை.

டைஃபன் தெய்வங்களின் மலையான ஒலிம்பஸ் மேல் படையெடுத்து வந்தபோது தெய்வங்கள் என்ன செய்தன என்பதற்கு ரோமானியக் கவிஞர் ஓவிடின் 'மெட்டமார்ஃபஸஸ்' ஐந்தாம் பாகத்தில் ஒரு கதை வருகிறது. கலைத்தேவதைகளோடு பாட்டுப்போட்டிக்கு வந்த ஒருத்தி தெய்வங்களை மட்டம்தட்டுவதற்கென்றே பாடியது. அதன்படி எல்லாரும் எகிப்துக்கு ஓடி, மிருகங்களின் உருவில் ஒளிந்துகொள்கிறார்கள். ஜீயஸ் செம்மறிக்கிடாவாகிறார். டெலோஸில் பிறந்த அப்போலோ காக்கையாகிறான். அவன் உடன்பிறந்தவள் யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை, பூனையாகித் தப்பிவிடுகிறாள்.